சீமைக்கன்னியின் செருப்பு

சேலத்துக்கு நான் கொண்டுபோன பெட்டியில் நான்கு சேலைகள், அக்காவுக்கு ஒரு குடை, ஒரு டின் பிஸ்கட், ஒரு ஜோடி செருப்பு ஆகியவை இருந்தன. செருப்பு எனக்கானதல்ல. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கறுப்பு நிறம், உயர்ந்த குதிகால், விரல் தெரிய முன்பக்கம் திறந்த மாதிரி. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி அதைத் தீப்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதைப் போட்டுக்கொள்கிறவர் எங்கே?" என்று கேட்டார். அவளைத் தேடித்தான் போகிறேன் என்றேன். அவர் சிரிக்காமல் பெட்டியை மூடினார்.

எண்பத்து நான்காம் வருடம் அது. அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரியான அமெரிக்கப் பொம்மை உலகத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. நான் மலாய் நாட்டு ஈப்போவில் தையற்கடை வைத்திருக்கிறேன். கல்யாண உடுப்பு தைத்து மிஞ்சும் துணியில் பொம்மைக்கும் உடுப்புத் தைப்பேன். எங்கள் ஊர் மாதர் சங்கத்தார் அந்தப் பொம்மைக்காக ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தபோது என் அலமாரியில் முப்பத்து நான்கு பொம்மைகள் இருந்தன. நர்ஸ் இருந்தாள், விமானப் பணிப்பெண் இருந்தாள். நிஜ மனிதர் நிலாவில் கால் வைப்பதற்கு முன்பே விண்வெளி உடுப்பு மாட்டிக்கொண்டவளும் இருந்தாள். இல்லாதவள் ஒருத்திதான், முதல் வருடத்துக்காரி. வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீச்சலுடை, குதிரைவால் கொண்டை, ஓரக்கண் பார்வை. அவள் இல்லாத கண்காட்சி மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் என்று சங்கத் தலைவி சொல்லிவிட்டார்.

பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். அதுவரை பெண்பிள்ளைகள் கையில் கொடுத்ததெல்லாம் குழந்தைப் பொம்மை. தாலாட்டு, பால் கொடு, தூங்கவை என்று மூன்று வயதிலேயே வேலை கொடுத்துவிடுவார்கள். தன் மகள் காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாக வைத்து விளையாடுவதைப் பார்த்த ஓர் அம்மாதான் இவளை யோசித்தாள். வாங்க வந்த வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். ஜப்பானில் எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே அவளுடைய முதல் உடுப்புகளுக்குப் பட்டன் தைத்தார்கள். அந்தக் கடுகளவு பட்டனைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஒரு சிறுமி இவளைக் கையில் எடுத்தால், யாருக்கு அம்மாவாகப் போகிறோம் என்று யோசிப்பதில்லை. நான் யாராகப் போகிறேன் என்றுதான் யோசிப்பாள்.

என்னிடமும் அந்த முதல் வருடத்துக்காரி இருந்தாள். ஈயச் சுரங்கத்து வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் அம்மா சமையல் வேலை செய்தாள். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது துரைசாணி அந்தப் பொம்மையை எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தாள். எனக்கு ஆறு வயது, வசந்தா அக்காவுக்குப் பன்னிரண்டு. ஆறு வருடம் கழித்து அக்காவை சேந்தமங்கலம் பக்கத்தில் தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் கப்பல் ஏறிய மறுநாள் பொம்மைப் பெட்டியைத் திறந்தேன். நிறுத்திவைக்கும் பலகையும் என் பென்சில் டப்பாவிலிருந்த செருப்பும்தான் மிச்சம். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் பதினெட்டு வருடம் அவளுக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. அவள் எழுதியவற்றை அம்மா வாசிப்பாள், நான் எழுந்து போய்விடுவேன். இப்போது கண்காட்சிக்காக எழுதினேன். 'பொம்மை இருக்கிறதா?' என்று ஒரே வரி. 'இருக்குது, வா' என்று இரண்டே சொல்லில் வந்த பதிலையும் அம்மாதான் வாசித்துச் சொன்னாள்.

முதல் நாள் சேலத்தில் கழிந்தது. சாயங்காலம் கடைவீதியில் தட்டுவடை செட் வாங்கித் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, சட்னி தடவித் தருகிறார்கள். கடித்தால் மேல்சட்டை முழுக்கச் சிந்துகிறது. ஈப்போவில் வாழையிலையில் மடித்த தேங்காய்ச் சோற்றைச் சிந்தாமல் தின்று பழகிய எனக்கு இது பெரிய சவால். இரண்டாவது செட் கேட்டபோது கடைக்காரர் ஒரு பழைய செய்தித்தாளையும் சேர்த்துக் கொடுத்து, மார்பில் விரித்துக்கொள்ளச் சொன்னார்.

பொம்மையைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவர மெத்தென்ற துணி வேண்டுமே என்று ஒரு பாயின் துணிக்கடைக்குப் போனேன். கறுநீல வெல்வெட்டில் அரை கஜம் கேட்டேன்.

"நகைப்பொட்டிக்குள்ள ஒட்டறதுக்காம்மா?" என்றார்.

"இல்லை பாய். ஒருத்தியைப் படுக்கவைக்க."

அவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அரை கஜத்துக்கு மேல் நாலு விரல் சேர்த்து வெட்டினார். "வெளியூரு போற பொண்ணு, கொஞ்சம் தாராளமாவே இருக்கட்டும்" என்றார்.

இரண்டாம் நாள் பஸ். ராசிபுரம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். கூடையில் கோழிகளோடு வந்த இரண்டு பெண்கள் என்னையே பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கண்டக்டரிடம் கேட்டேன். அவர் கூச்சத்தோடு மொழிபெயர்த்தார். ஒருத்தி, 'முகம் நம் ஊர் முகம்தான், பையை மட்டும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறாள்' என்றாளாம். மற்றவள், 'பிள்ளை இல்லாதவர்கள் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வார்கள்' என்றாளாம். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வயதில் கல்யாணம் ஆகாதவள் என்று நெற்றியில் எழுதியிருக்கிறதா என்ன.

டயர் மாற்றியபின் நாமக்கல் வந்து சேர்ந்தது. பாறைக் கோட்டையை அண்ணாந்து பார்த்ததைவிட, ரோட்டோரப் பட்டறைகளில் வரிசையாக நின்ற லாரிகளைத்தான் அதிகம் பார்த்தேன். வெறும் எஞ்சினும் சக்கரமுமாக வருகிற வண்டிக்கு இங்கே மரத்தில் உடம்பு கட்டி, வண்ணம் பூசி, நெற்றிக்குப் பொட்டு வைத்து அனுப்புகிறார்கள். பொம்மைக்கு உடுப்பு மாட்டுகிற என் தொழிலும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அளவுதான் வேறு.

அங்கே பஸ் மாறி இறங்கியபோது அக்கா சேந்தமங்கலம் நிறுத்தத்தில் நின்றாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் பதினோரு வயதில் அவள் மகள் பூங்கொடி. என்ன பேசுவது என்று தெரியாமல் நான் குடையை நீட்டினேன். அக்கா அதை அங்கேயே விரித்து எனக்குப் பிடித்தாள். அந்த ஊர் வெயிலில் அது நியாயமான காரியம்.

மூன்றாம் நாள் முழுதும் சாப்பாடுதான். காலையில் கம்பங்கூழும் மோர்மிளகாயும், மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து நெய் ஊற்றிய சோறு, சாயங்காலம் அரிசிமாவும் வெல்லமும் கலந்து சுட்ட கச்சாயம். அக்காவின் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். வந்தால் மழைக்காலத்தில்தான் வருவாராம். வீட்டில் எங்கும் பொம்மையைக் காணோம். நான் கேட்கவில்லை. கேட்டால் பதினெட்டு வருடக் கோபமும் சேர்ந்து வந்துவிடும் என்று பயந்தேன்.

பூங்கொடிதான் கண்காட்சியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். நர்ஸ், டீச்சர், விமானம், நிலா என்று நான் பெருமையாக அடுக்கினேன்.

"லாரி ஓட்டுச்சுங்களா சின்னம்மா?"

"இல்லை கண்ணு."

"அப்ப இன்னும் பாக்கி இருக்குதுங்க" என்றாள். அப்பாவின் ரிக் லாரியை ஓட்டப் போவதாக அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

விளக்கு வைத்தபின் அக்கா தானாகவே ஆரம்பித்தாள்.

"சரசு, நீ கேக்கமாட்டேங்கற. நானே சொல்றேன். அவ இந்த ஊட்டுல இல்ல, கன்னிமாரு கோயில்ல இருக்கறா."

ஏரிக்கரையில் ஏழு கன்னிமாருக்கு ஒரு கோயில் உண்டு. குழந்தை இல்லாதவர்கள் குயவரிடம் மண்ணால் ஒரு குழந்தை செய்யச் சொல்லி, இடுப்பில் சுமந்துபோய் அங்கே வைப்பார்கள். அதற்கு உருவாரம் என்று பெயர். எது வேண்டுமோ அதன் உருவத்தை வைத்துக் கேட்பது வழக்கம். கை வலிக்கு மண்கை, மாட்டுக்கு மண்மாடு. அக்காவுக்கு ஆறு வருடம் குழந்தை இல்லை. அவள் மண் உருவாரம் வைக்கவில்லை. பெட்டியிலிருந்த பொம்மையை எடுத்துப் போய் வைத்துவிட்டாள்.

"ஏன் அக்கா?"

"மண்ணு பொம்மை குயவரூட்டுது. என்னுதுன்னு சொல்ல எங்கிட்ட இருந்தது அவ ஒருத்திதான். இல்ல, அதுவுமே உன்னுது."

"சொல்லாமல் ஏன் எடுத்துப் போனாய்?" கேட்டே விட்டேன். குரல் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல்போல வந்தது.

"இந்த ஊருல எனக்குத் தெரிஞ்ச மொகம் ஒண்ணாச்சும் வேணுமுன்னு தோணுச்சு. உன்னையப் பொட்டில வெச்சுக் கொண்டுக்கிட்டு வரமுடியுமா?"

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது அவள் சொன்னாள். "திருடுன பொருளை வேண்டுதலைக்கு வெச்சது பன்னண்டு வருசமா உறுத்துது சரசு. நாளைக்குப் பூக் கேப்போம். கன்னிமாரு உத்தரவு குடுத்தா நீ எடுத்துக்கிட்டுப் போயிரு."

நான்காம் நாள் காலை நடந்தே போனோம். நெல் அறுத்த வயல், மரவள்ளிக்காடு, அப்புறம் ஏரி. கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரையின் கீழ் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அவற்றுக்கு அடுத்து எட்டாவதாக அவள் நின்றாள்.

நான் பார்த்த எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அவள் இப்படி நின்றதில்லை. முதல் வருடத்துப் பொம்மைகளின் தோல் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். இவள் முகம் தந்தம்போல் வெளுத்திருந்தது. நெற்றியில் குங்குமம். எலி கடித்த பொன்முடிக்குப் பதிலாக யாரோ சவுரி முடியைக் கறுப்பாகக் கட்டிப் பூ வைத்திருந்தார்கள். இடுப்பில் பச்சைப் பட்டுத்துணி. பூங்கொடி அதைக் கொஞ்சம் விலக்கி, "உள்ளுக்குள்ள வரிச்சட்டை அப்படியே இருக்குதுங்க பாருங்க" என்றாள். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. அவளேதான்.

முதல் பொம்மையின் உள்ளங்காலில் துளை இருக்கும். பலகையின் கம்பியில் செருகி நிறுத்துவதற்காக வைத்த துளை. இங்கே குயவர் மண்பீடம் செய்து அதில் இரண்டு மூங்கில் குச்சி நட்டு அவளை நிறுத்தியிருந்தார். அமெரிக்காவில் இன்ஜினியர்கள் யோசித்த அதே வழி. குதிகால் செருப்புக்காக வளைந்த பாதம் அது. செருப்பில்லாமல் எப்போதும் நுனிக்காலில்தான் நிற்கும்.

"ஏனுங்க, கால எக்கிக்கிட்டு நிக்கறாளே, தெரியுதுங்களா?" என்றார் பூசாரி. "புள்ள வருதா, புள்ள வருதான்னு எட்டிப் பாக்கறா. நேரா பாத்தா கண்ணு பட்டுருமுன்னு ஓரமாப் பாக்கறா."

முப்பத்து நான்கு பொம்மைகளோடு வாழ்பவள் நான். அந்த ஓரக்கண்ணைப் பற்றியும் அந்தப் பாதத்தைப் பற்றியும் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இப்படி ஒரு விளக்கத்தை யாரும் எழுதவில்லை.

கூரைக்கு வெளியே வேப்பமரம். அதன் கிளைகளில் குழந்தை வளையல்கள் நூலில் கோத்துத் தொங்கின. நூற்றுக்கு மேல் இருக்கும். காற்றடித்தால் கிணுகிணுவென்றது.

"மொத வளையலு என்னுதுங்க" என்றாள் பூங்கொடி.

அக்கா விளக்கினாள். "பூங்கொடி பொறந்தப்ப ஊட்டுல எல்லாரு மொகமும் செத்துப்போச்சு. பொட்டப்புள்ளன்னா இந்தப் பக்கத்துல சில ஊட்டுல என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாது. நான் சொன்னேன், கன்னிக்கு நான் குடுத்தது பொண்ணு, அவ எனக்குத் திருப்பிக் குடுத்ததும் பொண்ணு. இதுல ஆரு என்ன பேசறதுன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்பறம் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வர ஆரம்பிச்சாங்க. சீமைக்கன்னின்னு இவளுக்குப் பேரும் வெச்சாங்க. சீமைக்கன்னி கையத் தொட்டு, ஆணோ பொண்ணோ எதுவானாலும் வெச்சுக்கறோமுன்னு மாமியாரைச் சொல்ல வெப்பாங்க. சொன்னா மீறமாட்டாங்க. பொறந்த பொண்ணை வெச்சுக்கிட்டா ஒரு வளையலு."

நான் வளையல்களைப் பார்த்தேன். தாயாக வேண்டாம் என்று படைக்கப்பட்டவளை இந்த ஊர்க்காரர்கள் பிள்ளை வரத்துக்காக வைத்தார்கள். தப்புத்தான். அந்தத் தப்பிலிருந்து இத்தனை பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பூசாரி வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் பொட்டலம் கட்டிக் கற்களின் முன் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வரட்டும் என்று என் மனம் கேட்டது. முடிவை யாராவது என் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் நிம்மதி. பூங்கொடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்க அம்மிணி" என்று பூசாரி பொம்மையைப் பீடத்திலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த எடை. எடையே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வெல்வெட்டில் சுற்றிக்கொண்டேன். அக்கா அழவில்லை. கடன் தீர்ந்த முகத்தோடு நின்றாள்.

கூரையை விட்டு இறங்கும்போது இரண்டு பேர் எதிரே வந்தார்கள். ஒரு நடுத்தர வயது அம்மாள், பின்னால் நிறைமாதமாக ஒரு பெண். இருபது வயது இருக்கும். அந்த அம்மாள் வெறும் பீடத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஏனுங்க பூசாரி, சீமைக்கன்னி எங்கீங்க? எம் மருமவளுக்கு இதுக்கு முன்னால ரெண்டும் பொண்ணு. ரெண்டும் தங்கலீங்க. இந்தத் தடவ அவகிட்ட வாக்குக் குடுத்துட்டுப் போலாமுன்னு வந்தோம்."

தங்கவில்லை என்று சொன்னபோது அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். யாரும் எப்படி என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். வெல்வெட்டுக்கு வெளியே அந்த நுனிக்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"பூசாரி, திரும்ப வைத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் மறுப்பாகத் தலையாட்டினார். "அப்படி ஆகாதுங்க. சாமி குடுத்துருச்சு, இப்ப இது உங்க பொருளு. மறுக்கா வெக்கறதுன்னா நீங்க உங்க வாயால வேண்டிக்கிட்டு, உங்க கையால வெக்கோணும்."

பொம்மையை அதன் பீடத்தில் செருகினேன். உள்ளங்காலின் துளைகள் மூங்கில் குச்சிகளில் சரியாக உட்கார்ந்தன. கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் வயிற்றுக்காகத்தான் கேட்டேன். நான் நகர்ந்ததும் மாமியார் முன்னால் வந்து, பொம்மையின் கையை ஒற்றை விரலால் தொட்டு, எதுவானாலும் வெச்சுக்கறோம் என்று உரக்கச் சொன்னாள். அந்தப் பெண் அப்போதுதான் அழுதாள்.

எனக்கு இன்னும் ஒரு ஆசை இருந்தது. தீப்பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்தேன். பதினெட்டு வருடம் வைராக்கியமாக வைத்திருந்ததை அவள் காலிலேயே மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். பூசாரி அதைப் பார்த்துச் சிரித்தார்.

"செருப்பு உள்ளுக்குள்ள ஆகாதுங்க. அவ கன்னிமாருல ஒருத்தி. வெறுங்காலோட நிக்கட்டும்."

மறுபடி தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி நடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மரவள்ளிக்காடு முடியும்வரை விடவேயில்லை.

ஈப்போ திரும்பியதும் சங்கத் தலைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, நடுப்பெட்டியை எனக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். அதில் சேலத்துப் பாயின் வெல்வெட்டை விரித்தேன். மேலே கம்பி நீட்டிய பழைய பலகை. அதன் முன்னால் அந்த ஒரு ஜோடி செருப்பை, வாசலில் விடுவதுபோல் ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்தேன். சுற்றிலும் முப்பத்து நான்கு பேரும் நின்றார்கள்.

கண்காட்சி திறந்த வாரம் அக்காவின் கடிதம் வந்தது. முதன்முறையாக நானே பிரித்து, நானே வாசித்தேன். 'பெண் குழந்தை. வெச்சுக்கிட்டாங்க. நேத்து வளையல் கட்டினாங்க' என்று எழுதியிருந்தாள். கடைக்குள் போய்த் தையல் மெஷின் மேல் தலைவைத்து அழுதேன்.

அன்று சாயங்காலம் கண்காட்சிக்கு ஒரு சீனச் சிறுமி அம்மாவோடு வந்தாள். நர்ஸைப் பார்த்தாள், விண்வெளிக்காரியைப் பார்த்தாள். நடுப்பெட்டிக்கு வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, மலாயில் கேட்டாள். சுங்க அதிகாரி கேட்ட அதே கேள்வி. இதைப் போட்டுக்கொள்கிறவர் எங்கே?

"செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போயிருக்கிறாள்" என்றேன்.